மரவள்ளத்துக்கு எபொக்சியும் பைபர் துணியும்: உப்புவெளி முற்றத்தில் செய்தது

திருகோணமலைக் கரையில் பைபர் வேலை, அதாவது கண்ணாடி நூலை ரெசின் என்ற இறுகும் பிசினில் நனைத்துச் செய்யும் வேலை, தெரியாத ஆட்கள் குறைவு. சல்லி, சாம்பல்தீவு, உப்புவெளி, திருக்கடலூர் என்று எங்கே போனாலும் கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளமும், அதன் பக்கத்தில் ரெசின் வாளியோடு ஒருவரும் இருப்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பைபர் வள்ளங்கள் இன்னும் கூடின. ஒட்டுப்போடுகிற கைகளும் கூடின. அதனால் வீட்டு முற்றத்தில் பிளைவூட்டில் 12 அடி வள்ளம் ஒன்று கட்டத் தொடங்கியபோது ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்கவில்லை. ஆனால் வந்த ஆலோசனையில் பாதி இந்த வேலைக்குப் பொருந்தாது. இங்கே எல்லோருடைய கையிலும் ஊறியிருப்பது பொலியஸ்டர் ரெசினின் பழக்கம். மரத்துக்கு மேல் எபொக்சி என்ற வேறு வகை ரெசினை அடிப்பதில் துணி வேறு, கலக்கும் முறை வேறு, பொழுது பார்க்கிற விதமும் வேறு. இந்த வித்தியாசத்தைத் தமிழில் யாராவது விளக்கமாக எழுதி வைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பைபர் வள்ளத்தில் பைபர்தான் வள்ளம். அச்சுக்குள் படை படையாக அடித்து, இறுகியதும் கழற்றி எடுக்கிறார்கள். அது வேறெதிலும் ஒட்டி நிற்கத் தேவையில்லை. பிளைவூட் வள்ளத்தில் பலகைதான் வள்ளம், பைபர் அதற்கு மேல் ஒரு தோல் மட்டுமே. தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதும், மணலில் இழுக்கும்போது உரசலைத் தாங்குவதும் அந்தத் தோலின் வேலை. ஆகவே அது பலகையை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பொலியஸ்டர் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 5 முதல் 8 வீதம் வரை சுருங்கும். மரத்தில் அதன் பிடிப்பும் குறைவு. பலகை ஈரத்தில் கொஞ்சம் ஊதி, வெயிலில் கொஞ்சம் சுருங்கினால் ஓரம் கிளம்பத் தொடங்கும். பழைய பைபர் வள்ளத்தில் எஞ்சின் பூட்டும் பின்பலகையை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: தோலுக்கும் உள்ளே வைத்த பிளைவூட்டுக்கும் நடுவில் தண்ணீர் நின்று, பலகை கறுத்து, விரலால் கிள்ளினால் நாராக வரும். எபொக்சி மரத்தின் நாருக்குள் இறங்கிப் பிடிக்கிறது, சுருக்கமும் மிகக் குறைவு. விலை கூடத்தான். ஆனால் மரம் என்று முடிவு செய்த பிறகு இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பது நல்லதல்ல.

துணி விஷயத்திலும் இதே கதைதான். பைபர் கடைக்குப் போய்க் கேட்டால் முதலில் எடுத்துத் தருவது மேட், அதாவது நறுக்கிய நூலைப் பரப்பி ஒட்டிய பாய். அந்த நூல்களைச் சேர்த்துப் பிடிக்கிற பசை பெரும்பாலும் பொலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரைவதற்கென்றே போடப்பட்டது. எபொக்சியில் ஸ்டைரீன் கிடையாது. பசை கரையாமல் நிற்கும், மேட் வளைவுக்கு மடியாது, எவ்வளவு ரெசின் ஊற்றினாலும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். எபொக்சிக்கு வேண்டியது நெய்த துணி. வெளிப்பக்கத்துக்குச் சதுர மீற்றருக்கு 200 கிராம் நிறையுள்ள சாதாரண நெசவுத் துணியை எடுத்தேன். உள்ளே மூட்டுகளுக்கு, நூல்கள் 45 பாகையில் குறுக்காக ஓடும் 450 கிராம் பட்டி. அந்தப் பட்டி வாங்கும்போது பின்னால் மேட் தைக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பலகை 6 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட். தகட்டில் பிஎஸ் 1088 என்று மரைன் பிளைவூட்டுக்கான பிரித்தானியத் தர முத்திரை இருந்தால் மட்டும் போதாது. முத்திரை யாரும் குத்தலாம். கைப்பிடியளவு துண்டொன்றை வெட்டிப் பானையில் போட்டுச் சில மணி நேரம் கொதிக்க விட்டு, காயவைத்து, மறுபடி கொதிக்க விட்டுப் பாருங்கள். படைகள் பிரிந்தால் அந்தப் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஓரத்தைப் பார்ப்பதும் அவசியம். உள் படைகளில் ஓட்டை தெரிந்தால் அது பின்னால் நீர் தேங்கும் இடம்.

கட்டிய முறை, பலகைத் துண்டுகளை ஓரத்தோடு ஓரம் வைத்துச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டை எபொக்சியால் நிரப்புவது. இங்கிலாந்தில் 1960களின் தொடக்கத்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் வடிவமைத்த மிரர் என்ற சிறு பாய்வள்ளம்தான் இந்த முறையை வீடு வீடாகக் கொண்டுபோனது. அப்போது மூட்டுக்குப் போட்டது பைபர் பட்டியும் பொலியஸ்டரும்தான். மரத்துக்கு எபொக்சி என்பதை 1970களில் அமெரிக்காவின் கூஜன் சகோதரர்கள் போன்றவர்கள் பரப்பினார்கள். எங்கள் தெருவில் முன்பு தோணி கட்டிய வயதான ஓடாவியார் ஒருவர் கம்பித் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "கரைவலைத் தோணியைக் கயித்தால தைப்பம், நீ கம்பியால தைக்கிறாய் தம்பி. நாங்க தையலை நம்புவம். நீ எதை நம்புறாய்?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. இந்த முறையில் கம்பி பலகையைப் பிடித்து வைக்க மட்டும்தான். பிறகு அதை இழுத்து எடுத்துவிடுகிறோம். முழு நம்பிக்கையும் மூட்டில் பூசுகிற எபொக்சியிலும் அதன் மேல் போகிற பட்டியிலும் இருக்கிறது.

மூட்டுக்குப் பூசுவது வெறும் ரெசின் அல்ல. முதலில் வெறும் ரெசினை மூட்டு முழுக்கத் தூரிகையால் தடவி மரம் குடிக்க விட வேண்டும். அதைத் தடவாமல் கெட்டிக் கலவையை நேரே வைத்தால், மரம் கலவையிலுள்ள ரெசினை உறிஞ்சி மூட்டைக் காயப்போட்டுவிடும். பிறகு அதே ரெசினில் அரித்த மரத்தூளும் கொஞ்சம் சிலிக்காத் தூளும் போட்டுக் கெட்டியாக்க வேண்டும். பதம் தொதல்போல: குச்சியில் எடுத்தால் விழாமல் நிற்க வேண்டும், ஆனால் தகட்டால் இழுத்தால் மழமழவென்று போக வேண்டும். சிலிக்கா இல்லாமல் மரத்தூள் மட்டும் போட்டால் நிமிர்ந்த மூட்டில் மெதுவாக வழிந்து கீழே வந்துவிடும். மைக்ரோ பலூன் என்று ஓர் இலேசான தூளும் விற்கிறார்கள். அது மேடுபள்ளம் நிரப்பித் தேய்ப்பதற்கு நல்லது, மூட்டுக்கு ஆகாது. அதற்குப் பலம் கிடையாது.

கலக்கும் இடத்தில்தான் எனக்கும் மச்சானுக்கும் பெரிய வாக்குவாதம். மச்சான் பல வருடம் பைபர் பட்டறையில் வேலை செய்தவர், கை சுத்தம். முதல் கப் கலக்கும்போதே, "மச்சான், இன்னும் ரெண்டு சொட்டு ஹாட்னர் விடு, கெதியா இறுகும்" என்றார். ஹாட்னர் என்பது ரெசினை இறுக வைக்கக் கலக்கிற திரவம். பொலியஸ்டருக்கு அது சரி. அதில் விடுவது எதிர்வினையைத் தொடக்கி வைக்கிற பொருள். 1 வீதம் விட்டால் மெதுவாக, 2 வீதம் விட்டால் வேகமாக இறுகும். எபொக்சியில் ஹாட்னர் தொடக்கி வைக்கிற பொருள் அல்ல, இறுகிய பிறகு இருக்கப்போகிற வலையின் ஒரு பங்கே அதுதான். ரெசினின் ஒவ்வொரு நுனிக்கும் ஹாட்னரின் ஒரு நுனி வேண்டும். கூட விட்டால் மிஞ்சியது இணை இல்லாமல் உள்ளே கிடக்கும். குறைய விட்டாலும் அப்படித்தான். இரண்டிலும் கிடைப்பது ரப்பர்போல் நெகிழ்கிற, எத்தனை நாள் போனாலும் முழுதாக இறுகாத ஒரு படை. அதைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. வேகம் வேண்டுமென்றால் வேக ஹாட்னர், மெதுவாக வேண்டுமென்றால் மெது ஹாட்னர் என்று தனித்தனியாக வாங்க வேண்டும். எங்கள் ஊர் வெக்கைக்கு மெது ஹாட்னரைத் தவிர வேறொன்றையும் தொட வேண்டாம்.

டிஜிட்டல் தராசில் நிறுத்துக் கலந்தோம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டப்பாவில் ரெசினுக்கும் ஹாட்னருக்கும் 2:1 என்று போட்டிருப்பது கொள்ளளவா, நிறையா என்று வாசியுங்கள். ஹாட்னர் பொதுவாக ரெசினைவிட இலேசு. கொள்ளளவில் 2:1 என்றால் நிறையில் 100க்கு 50 வராது, அதைவிடக் குறைவாகத்தான் வரும். உற்பத்தியாளர் நிறைக் கணக்கையும் தனியாகக் கொடுத்திருப்பார், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிறுத்த பிறகு சரியாக இரண்டு நிமிடம், கப்பின் அடியையும் சுவரையும் சுரண்டிச் சுரண்டிக் கலக்க வேண்டும். அப்புறம் உடனே அகலமான ஐஸ்கிரீம் டப்பாவிலோ தட்டிலோ ஊற்றிவிட வேண்டும். எபொக்சி இறுகும்போது தானே சூடு தரும். அந்தச் சூடு எதிர்வினையை இன்னும் வேகமாக்கும். ஆழமான கப்பில் விட்டுவைத்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் புகைந்து, கப்பையே உருக்கிவிடும். வெப்பம் 10 பாகை கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. 25 பாகைக்கு எழுதிய நிமிடக் கணக்கை 35 பாகையில் நின்றுகொண்டு நம்பக்கூடாது. ஒருமுறைக்கு 300 கிராமுக்கு மேல் நாங்கள் கலக்கவில்லை. மிஞ்சியதை வாளியில் சேர்த்து வைக்காமல் மணலில் மெல்லியதாகப் பரப்பிவிட்டோம்.

உள்மூட்டு இறுகிய பிறகு வள்ளத்தைக் கவிழ்த்து, வெளிக் கம்பிகளை எடுத்து, கூர்மையான ஓரங்களையெல்லாம் உருட்டினோம். கண்ணாடி நூல் கூரான மூலையில் மடங்காது. மடங்கிய மாதிரி இருந்துவிட்டு, நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் மெதுவாகக் கிளம்பி உள்ளே காற்றை எடுத்துக்கொள்ளும். 200 கிராம் துணிக்கு மூலையின் ஆரம் குறைந்தது 6 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். நாங்கள் 10 வரை உருட்டினோம். சீவுளியால் பாதி, சாண்ட் பேப்பரால் மீதி.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புகிற விஷயம்: பொழுது.

ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசும். தரைப்பக்கமிருந்து வருகிற காய்ந்த சூட்டுக் காற்று. எபொக்சிக்கு ஈரம் ஆகாது என்பதால் வருடத்தில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் இதுதான். மாரியில் வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிட்டால் ஒட்டும் வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. ஆனால் கச்சானில் பகல் முழுக்கப் பலகை சூடாகிக்கொண்டே போகும். மரத்துக்குள் காற்று இருக்கிறது. மரம் சூடாகும்போது அந்தக் காற்று விரிந்து வெளியே வரப் பார்க்கும். அந்த நேரத்தில் மேலே ஈர ரெசின் இருந்தால் ஆயிரம் ஊசிக்குமிழ்கள் கிளம்பும். துணிக்கு அடியில் வந்தால் துணியையே தூக்கும். மரம் ஆறும்போது நடப்பது இதற்கு நேர்மாறு: உள்ளே காற்று சுருங்கி, மேலே இருக்கிற ரெசினை உள்ளே இழுக்கும். அதனால் காலைக் குளிர்ச்சியில் ஆரம்பிப்போம் என்று நினைப்பது பார்வைக்குச் சரியாக இருந்தாலும் வேலைக்குப் பிழை. பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு, வெப்பம் இறங்கத் தொடங்கியபின் ரெசினைத் தொட வேண்டும். வள்ளம் கிடுகுக் கொட்டிலின் நிழலில் இருந்தது. தகரக் கூரையாக இருந்திருந்தால் அந்தி வரை சூட்டைக் கீழே கொட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் ஒரு மாலை வெறும் ரெசினை மெல்லிய படையாக ரோலரால் வெளிப்பக்கம் முழுக்க இழுத்து மரத்தை அடைத்தோம். அடுத்த நாள் கழுவி, சாண்ட் பேப்பர் போட்டு, துடைத்து, அதன் மேல் துணியை உலர்ந்தபடியே விரித்தோம். வலது பக்கத்துக்கு ஒன்று, இடது பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு துண்டு. இரண்டும் அடிநடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வைத்தால், மணலில் உரசுகிற இடத்துக்குத் தானாகவே இரட்டைப் படை கிடைத்துவிடும். சுருக்கங்களை உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் நெசவு கோணும். முன்மூக்கில் துணி எப்படியும் மடிந்து நிற்கும். அங்கே கத்தரியால் ஒரு வெட்டு, ஒரு பக்கத்தை மற்றதன் மேல் ஏற்று, அவ்வளவுதான். தலையில் ஒரு துவாயைக் கட்டிக்கொள்ளுங்கள். வியர்வைத் துளி துணியில் விழுந்தால் அந்த இடம் பிறகு வெள்ளையாக நிற்கும்.

ரெசினை அடிநடுவில் நீளமாக ஊற்றி, புட்டி இழுக்கிற பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாகப் பரப்பத் தொடங்கினோம். இதைப் பார்ப்பது எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த பகுதி. வெள்ளைத் துணி ரெசினைக் குடித்ததும் முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு துணியே காணாமல் போய்ப் பலகையின் நரம்பு மேலே எழுந்து வரும். மூன்று, நான்கு நிமிடம் பொறுத்துத் தகட்டைச் சாய்த்துப் பிடித்து இன்னொரு முறை இழுத்தால் மிகுதி ரெசின் முன்னால் ஓடும். அதைக் காய்ந்த இடத்துக்குத் தள்ளலாம். வெள்ளிப் பொட்டுகளாக மின்னினால் அங்கே ரெசின் பற்றவில்லை அல்லது காற்று நிற்கிறது. பளபளவென்று நனைந்து நின்றால் ரெசின் கூடிவிட்டது, துணி அதில் மிதக்கிறது. சரியான பதத்தில் பளபளப்பு இருக்காது. மங்கலாக, நெசவின் கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும்.

மச்சானின் கை இங்கேதான் திரும்பத் திரும்ப வாளிப்பக்கம் போனது. மேட் ரெசினை நிறையக் குடிக்கும், அதைக் கண்டவருக்கு இது காய்ந்த வேலையாகத் தெரியும். கணக்குச் சொன்னேன்: நெய்த துணிக்குக் கையால் அடிக்கும்போது துணியின் நிறையளவு ரெசின் போதும். வெளிப்பக்கம் ஏறத்தாழ 6 சதுர மீற்றர், துணி 1.2 கிலோ. அதற்கு ஒன்றேகால், ஒன்றரை கிலோ ரெசின். நெசவை இந்தச் சுற்றில் நிரப்பப் பார்க்கக் கூடாது. அது அடுத்த படைகளின் வேலை. நிமிர்ந்த பக்கங்களில் ஊற்ற முடியாது என்பதால் ரோலர். மேலிருந்து கீழே, பொறுமையாக.

இருட்டத் தொடங்கியதும் விளக்குப் போட்டால் பூச்சியெல்லாம் ரெசினில் வந்து விழும். விளக்கைக் கொட்டிலுக்கு வெளியே தூரமாக வைத்தோம், அதற்குப் பூச்சிகள் அங்கே போய்விட்டன. இரவு எட்டு மணிபோல் விரலை வைத்துப் பார்த்தேன். அடையாளம் விழவேண்டும், ஆனால் ரெசின் விரலோடு வரக் கூடாது. அந்தப் பதத்தில் அடுத்த படையை ரோலரால் போட்டால் இரண்டும் வேதியியல் முறையிலேயே பிணையும், நடுவில் தேய்க்கும் வேலை இல்லை. இந்த இடைவெளியைத் தவறவிட்டால் மறுநாள் கழுவித் தேய்த்துத்தான் தொடர வேண்டும். ஓரத்தில் தொங்குகிற துணியைத் தோல் பதத்தில் இருக்கும்போதே கத்தியால் அறுத்தோம். காலை வரை விட்டால் அதற்கு வாளும் அரமும் தேவைப்படும்.

விடியற்காலைப் பனிக்கும் கடல் காற்றுக்கும் இறுகிய படையின் மேல் ஒரு மெழுகுப் படலம் வரும். கையில் பிசுக்கென்று தெரியும். ஹாட்னரிலுள்ள அமீன் என்ற இரசாயனம் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாவது அது. தினரால் துடைத்தால் பரவுமே தவிரப் போகாது. தண்ணீரில் கரையும். பாத்திரம் தேய்க்கிற பச்சைத் துண்டும் நிறையத் தண்ணீரும் போதும். எங்கள் கிணறு உவர் என்பதால் குழாய்த் தண்ணீர் எடுத்தோம். கழுவாமல் நேரே சாண்ட் பேப்பர் போட்டால் தாளும் அடைத்துக்கொள்ளும், அந்தப் படலமும் கீறலுக்குள் போய் உட்கார்ந்து மேலே வரும் பெயிண்டை உரிக்கும்.

தேய்க்கும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 80 இலக்கத்தாள், பிறகு 120, பிறகு பொறுமை. நெசவின் நூலை அறுத்துவிடாமல் மேலே இருக்கிற ரெசினை மட்டும் எடுக்க வேண்டும். ஆனால் உடம்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பொலியஸ்டர் நாற்றமடிக்கும், அதனால் எல்லோரும் தூர நிற்பார்கள். எபொக்சிக்கு அந்த நாற்றம் இல்லை, ஆட்கள் வெறுங்கையால் தொடுவார்கள். தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒருநாள் ஒவ்வாமை தொடங்கும். தொடங்கிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க எபொக்சி பக்கம் போக முடியாது. நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை. கையில் பட்டால் அசெற்றோனால் துடைக்க வேண்டாம், அது ரெசினைக் கரைத்துத் தோலுக்குள் இறக்கும். துணியால் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். முழுதாக இறுகாத படையைத் தேய்க்கும்போது வருகிற தூள்தான் மிக மோசம். சில நாள் விட்டு, நல்ல மாஸ்க் போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று தேய்த்தோம். அப்போது பிள்ளைகளைக் கொட்டிலுக்குள் விடவில்லை.

பெயிண்ட் கட்டாயம். எபொக்சி வெயிலுக்குத் தாங்காது. புற ஊதாக் கதிரில் மங்கி, சுண்ணாம்பாகி உதிரும். வீட்டுக் கதவுக்கு அடிக்கிற எனாமல் சிலவேளை எபொக்சிக்கு மேல் நாட்கணக்கில் காயாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். எபொக்சி பிரைமர் ஒரு படை, அதற்கு மேல் இரண்டு டப்பா கலக்கிற பொலியூரிதேன் என்று போனோம். வெள்ளை நிறம். கறுப்போ கடும் நீலமோ அடித்தால் எங்கள் வெயிலில் வள்ளத்தின் தோல் சுட்டுவிடும், எபொக்சி சூட்டில் மெதுவாகும் பொருள்.

கடைசியாகத் துளைகள். துடுப்புக் கொண்டி, கயிற்று வளையம், தண்ணீர் விடும் அடைப்பான் எல்லாவற்றுக்கும் இந்த நல்ல தோலில் துளை போட வேண்டியிருக்கிறது. ஆணித் துளையில் வெட்டுப்பட்ட பிளைவூட் தெரியும், தண்ணீர் நாரின் வழியே உறிஞ்சிப் போகும். அதனால் ஆணிக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு பெரிய துளை போட்டு, கீழே டேப்பால் அடைத்து, முதலில் வெறும் ரெசின், பிறகு கெட்டிக் கலவை என்று நிரப்பி, இறுகியதும் அதன் நடுவில் சரியான அளவுத் துளையைப் போட்டோம். ஆணி இப்போது எபொக்சிக்குள் நிற்கிறது, மரத்தைத் தொடவில்லை. மச்சான் தன் பட்டறையில் பின்பலகைக்கு எஞ்சின் ஆணி போடும்போதும் இனி இப்படித்தான் செய்யப்போவதாகச் சொல்லி, மிஞ்சிய சிலிக்காவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.